ஆட்டத்தை நிறுத்த ஓர் ஆட்டம்

கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகந்து உக்காருங்க அண்ணாச்சி, சேலை கசங்குது. பட்டுச் சேலை. இந்தத் தசராவுக்குன்னு புதுசா எடுத்தது. மூஞ்சியில பூசியிருக்கதப் பாத்துப் பயப்படாதீங்க, காஞ்சிட்டு, ஒட்டாது. மேல வச்சிருக்க கைகள மட்டும் ஒரு கண்ணு பாத்துக்கிடுங்க. ஆமா, கைதான். என் கைதான். தகரத்துல செஞ்சது. முதுகுல கட்டிக்கிட்டு பஸ்ஸுல உக்கார முடியாதுன்னு கழத்தி வச்சிருக்கேன். இவன் பிரேக் போட்டாம்னா சூலாயுதத்தோட உங்க மடியில வந்து விழும்.

வெளியூர்தானே நீங்க? பாத்ததுமே தெரிஞ்சிட்டு. உள்ளூர்க்காரன்னா பக்கத்து சீட்டுல காளி வந்து உக்காந்தா கன்னத்துல போட்டுக்கிடுவான். நீங்க பையத் தூக்கிக்கிட்டு எந்திரிக்கப் பாத்தீய. குலசை முத்தாரம்மன் தசரா கேள்விப்பட்டதில்லையா? நேர்ச்சைக்காக ஆளாளுக்கு ஒரு வேஷம் கட்டுவோம். மாலை போட்டு, விரதம் இருந்து, ஊர் ஊரா ஆடி, வீடு வீடாக் காணிக்கை வாங்கி, கடைசி நாள் கோயில்ல கொண்டு சேக்கணும். இன்னைக்குத்தான் கடைசி நாள். எங்க செட்டு, கூட்டாச் சேந்து ஆடுத குழுதான், அந்த வேன் சாத்தான்குளம் தாண்டி டயர் வெடிச்சிக் கெடக்கு. பயலுவள அங்கன நிப்பாட்டிட்டு நானும் மச்சினனும் பஸ் ஏறிட்டோம். அந்தா, பின்னால குறத்தி வேஷத்துல உக்காந்து கைக்கண்ணாடியில உதட்டுச் சாயத்தச் சரி பண்ணிக்கிட்டு இருக்காம்லா, அவன்தான். ராஜகனி. எம் பொண்டாட்டிக்குத் தம்பி. லாரி புக்கிங் ஆபீஸ் வச்சிருக்கான். அவன் சத்தம் போட்டா லாரி டிரைவர் எல்லாம் நடுங்குவான்.

என் பேரு சிவபெருமாள். பேய்க்குளத்துக்கு இந்தப் பக்கம் ஊரு. கம்பி, சிமெண்டு வியாபாரம். வருசா வருசம் காளிதான் கட்டுவேன். புள்ள இல்லாம இருந்த காலத்துல, ஆம்பளப் புள்ள ஒண்ணக் குடு தாயே, உசிரு உள்ள வரைக்கும் உனக்குச் சேலை கட்டி ஆடுதேன்னு நேந்தேன். குடுத்தா. குடுத்தவ நல்லபடியாக் குடுத்திருக்கப்படாதா?

இந்த வருசம் தனியா ஒரு நேர்ச்சையும் சேத்து வச்சேன். சொன்னாச் சிரிப்பீய. எம் மவன் டான்ஸ் ஆடுதத விடணும்னு நேந்துதான் இவ்வளவு நாளா ஆடிக்கிட்டு இருக்கேன்.

என்ன, சேலையப் பாக்கீய? நீங்க நெனைக்கது தெரியுது. இது வேற அண்ணாச்சி. இது சாமி காரியம். பொட்டு வச்சிருக்கேன், மை போட்டிருக்கேன், வளையல் மாட்டியிருக்கேன், எல்லாம் சரிதான். ஆனா உள்ள இருக்கது ஆம்பளைலா. அந்தப் பய ஆடுதது அப்படி இல்ல. அதுக்குப் பேரு பாலேவாம். எந்தச் சாமிக்கு ஆடுதடேன்னு கேட்டேன். சாமிக்கு இல்லப்பா, சும்மா ஆடுததுங்கான். ஒருத்தன் சும்மா ஆடுவானா? வெளங்குமா அந்தக் குடும்பம்?

பேரு ஆதிலிங்கம். எங்க குலதெய்வத்துப் பேரு. என்ஜினியருக்குப் படிக்க வச்சேன். பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. நல்ல சம்பளம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். சித்திரை மாசம் ஒரு மத்தியானம் கடையில உக்காந்திருக்கேன், ராஜகனி வந்து போன நீட்டுதான். அத்தான், இது நம்ம ஆதி மாதிரி இருக்குலாங்கான். மாதிரி என்னல மாதிரி, அவனேதான். எவனோ குடும்ப வாட்சப்புல போட்டிருக்கான். வெள்ளையில ஒரு காலுறை, இடுப்பு வரைக்கும். தோலோட ஒட்டிக் கெடக்கு. அதப் போட்டுக்கிட்டு, கையத் தலைக்கு மேல வளைச்சி, காத்துல எம்புதான். எம்பி, காலு ரெண்டையும் விரிச்சி, பொறவு சத்தமே இல்லாம வந்து எறங்குதான். லோடுமேனுங்க அத்தனை பேரும் எட்டிப் பாக்கானுவ. மொதலாளி, தம்பிக்கு வேட்டி எடுத்துக் குடுக்கலியாங்கான் ஒருத்தன். எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சி.

அந்த நேரம் பாத்து நாங்குநேரியில அவனுக்கு ஒரு சம்பந்தம் பேசி முடிக்கப் போற கட்டம். வீடியோ அங்கயும் போயிட்டு. பையனுக்கு ஒடம்புல ஏதும் கோளாறான்னு கேட்டு ஆளனுப்பினாங்க. கோளாறு இல்லைங்க, ஆட்டந்தான்னு சொன்னேன். ஆம்பளைக்கு ஆட்டம் என்னத்துக்கு, எங்களுக்கு ஒத்து வராதுன்னுட்டாங்க. பொண்ணுக்குத் தகப்பன் யாரு தெரியுமா? அவங்க ஊர் செட்டுல பூ வச்சி, பாவாடை தாவணி கட்டி கரகம் ஆடுதவரு. பேர் போன ஆட்டக்காரர். அப்படி ஒரு கௌரவமான எடம், கை நழுவிப் போச்சி.

விடுவனா? ஆனி மாசம் ராஜகனியக் கூட்டிக்கிட்டு பெங்களூர் போனேன். போன பொறவுதான் தெரியுது, பய வேலைய விட்டே கொள்ள நாளாச்சி. ஒரு பேக்கரிக்கு மேல மாடி. படி ஏறிப் போனா, பெரிய ஹாலு, செவரு முழுக்கக் கண்ணாடி. செவத்தோரமா ஒரு கட்டை அடிச்சிருக்கான், புடிச்சிக்கிட்டு நிக்கதுக்கு. இருவது எம்எம் கம்பி போட்டிருந்தாலாவது உறுதியா இருக்கும், மரத்துல போட்டிருக்கான். வாத்தியாரு ஆம்பளதான். கொண்டை போட்டிருக்காரு. தலைமுடிய வாரி, உச்சியில முடிஞ்சி, ஒரு கொண்டை. ஆம்பள கொண்டை போட்டா லட்சணமா? எனக்கு இந்தச் சடைமுடி வச்சிக் கட்டவே ராஜகனிக்கு ஒரு மணிநேரம் ஆவுது, ஊக்கு குத்திக் குத்தி மண்டையெல்லாம் ரணம். அது வேற சங்கதி.

எங்கள ஒரு பெஞ்சியில உக்காரச் சொன்னாரு. எம் மவன் எங்களப் பாத்துட்டான். பாத்தும் நிறுத்தல. பியானோ மாதிரி ஏதோ ஒண்ணு ஸ்பீக்கர்ல ஓடுது. ஒரு புள்ள ஓடி வருது. இவன் அதோட இடுப்பப் புடிச்சித் தலைக்கு மேல தூக்கிட்டான். ஒரு மூட்டை சிமெண்டு எடை இருக்கும் அந்தப் புள்ள. கை நடுங்கல, மூச்சு வாங்கல, சிரிச்ச மூஞ்சியா நிக்கான். நம்ம லோடுமேன் மூட்டையத் தூக்கும்போது மூஞ்சி என்ன கோணல் போவுதுன்னு பாத்திருப்பீய. பய பெலமாத்தான் இருக்கான்னு எனக்கும் ஒரு நிமிசம் தோணிச்சி, இல்லைங்கல. பொறவு அதக் கீழ எறக்குதான் பாருங்க, முட்டையத் தரையில வைக்க மாதிரி. அதுதான் எனக்குப் பிடிக்கல. ஆம்பளைன்னா பொத்துனு போட வேண்டாமா?

ராஜகனி என் காதுல, அத்தான், இது ஆம்பளப் பய செய்யுத காரியமா, எனக்குப் பாக்கவே நாணமா இருக்குங்கான். அவன் ரோசக்காரன். போன வருசம் இவன் குறத்தி வேஷத்துல இடுப்ப ஆட்டின ஆட்டத்துக்கு மெஞ்ஞானபுரத்துல நோட்டு மாலையே போட்டாங்க.

கீழ வந்து டீக்கடையில வச்சிக் கேட்டேன். செருப்பக் கழத்திட்டுக் கால மடக்கி உக்காந்தான். பாதத்தப் பாத்தேன். பெருவிரல் நகம் கறுத்து, தோலு உரிஞ்சி, பிளாஸ்திரி ஒட்டின எடமெல்லாம் ரத்தம் கசிஞ்சிருக்கு. பெத்த வயிறு, எனக்குப் பகீர்னுச்சி. இது என்னடே காலுன்னேன். பழகிரும்ப்பான்னான். கோட்டிக்காரப் பய. வெயில்ல வெறுங்காலோட நடந்து எனக்கும்தான் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம், இந்தாப் பாருங்க. இது பக்தி. அவனுக்கு இருக்கது திமிரு.

அதோட விட்டானா? உங்களப் பாத்துத்தாம்ப்பா எனக்கு ஆட ஆசையே வந்துதுங்கான். சின்னப் புள்ளையில என்னைய ராஜா வேஷம் கட்டிக் கூட்டிட்டுப் போவீங்கள்லா, மேளம் அடிச்ச ஒடனே நீங்க வேற ஆளா மாறிருவீங்க, அதப் பாத்துக்கிட்டே நிப்பேன், எனக்கும் அப்படி மாறணும்னு இருந்துதுங்கான். எவ்வளவு கொழுப்பு பாருங்க. சாமி காரியத்தையும் அந்தக் காலுறையையும் ஒண்ணா வச்சிப் பேசுதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டீ கிளாஸ அப்படியே வச்சிட்டு எந்திரிச்சிட்டேன். நீ ஊருக்கு வந்து கடையில உக்காந்தா எம் மவன், இல்லைன்னா நான் செத்தாக் கொள்ளி வைக்கக் கூட வராதன்னு சொல்லிட்டேன். அந்த வார்த்தை ஒண்ணு போதும்லா. மறுவாரம் பெட்டியோட வந்து எறங்கிட்டான்.

கொஞ்சம் இருங்க. இந்தப் பொண்ணு என்ன கேக்கான்னு பாப்போம்.

என்னம்மா? சொல்லு மக்கா. குடிக்கானா? எம்புட்டு நாளா? அழாத. இந்தா, குங்குமத்த அவன் நெத்தியில பூசி வுடு. விட்டுருவான். அம்மா சொல்லுதேன், விட்டுருவான். புள்ளைய இங்க காட்டு. ஆங், நல்லாயிரு. போ, போய் உக்காரு, பஸ் ஆட்டுது.

பாத்தீயளா? இதுதான் எங்க வழக்கம். வேஷம் கட்டிட்டா நாங்க ஆளு இல்ல, அம்மன்தான். ஊர்ல எவன் வந்து என்ன கொறை சொன்னாலும் நின்னு கேக்கணும், குங்குமம் குடுக்கணும், வாக்குச் சொல்லணும். நேரமில்ல, அப்புறமா வான்னு சொல்லப்படாது. எனக்கு அவ புருசன் யாருன்னே தெரியாது. ஆனா இப்ப அவ நிம்மதியாப் போவாள்லா.

எங்க விட்டேன்? ஆங், பய வந்துட்டான். ஆம்பளப் புள்ளையா லட்சணமாக் கல்லாவுல உக்காந்தான். ஊர்ல எல்லாரும் கேட்டாங்க, என்ன, தம்பிய வழிக்குக் கொண்டாந்துட்டியளாக்கும்னு. பெருமையாத்தான் இருந்துது. வாரவனுக்குக் கம்பி எடுத்துக் குடுப்பான், பில்லுப் போடுவான், காசு வாங்குவான், அதோட சரி. என்கிட்ட ஒத்த வார்த்தை கெடையாது. நான் டே ஆதின்னா திரும்பிப் பாப்பான், சொன்னதச் செய்வான். மூணு மாசம் அப்படி. மரியாதையான புள்ளன்னு நெனச்சிக்கிட்டேன். எதித்து ஒரு பேச்சு பேசலைன்னா மரியாதைதானே?

ஒரே ஒரு தொந்தரவு. மேல் தட்டுல போல்ட்டு டப்பா வச்சிருப்பேன், அத எடுக்க ஸ்டூல் போடமாட்டான். அப்படியே விரல் நுனியில எக்குவான். ஒடம்பு மேல மேல நீண்டு போவுது, ஆடாம அசையாம நிக்கான், அந்த டப்பாவ எடுத்துட்டு மெதுவா எறங்குவான். கடைக்கு வந்த ஆளுங்க அதையே பாத்துக்கிட்டு நிப்பாங்க. லோடுமேனுங்க பின்னால நின்னு அதே மாதிரி செஞ்சி காட்டிச் சிரிப்பானுவ. நான் டப்பாவ எல்லாம் கீழ் தட்டுக்கு மாத்திட்டேன். அவன் அதப் பாத்தான். அன்னையிலேருந்து மத்தியானச் சாப்பாட்ட அப்படியே திருப்பிக் கொண்டு போவ ஆரம்பிச்சான்.

எம் பொண்டாட்டி தங்கபுஷ்பம் சொல்லுதா, புள்ள எளைச்சிக்கிட்டே போறான், அவன் போக்குக்கு விட்டுருங்கன்னு. இந்தத் தசரா முடியட்டும், அம்மன்கிட்ட நேந்திருக்கேன், எல்லாம் மறந்துருவான்னேன். அப்ப அவ என்னோட இந்தச் சேலைக்குப் பால்ஸ் தைச்சிக்கிட்டு இருந்தா. ஊசிய நிப்பாட்டிட்டு ஒரு பார்வை பாத்தா பாருங்க. சரிங்க, பிளவுஸு கை இறுக்கமா இருக்கான்னு போட்டுப் பாத்துச் சொல்லுங்கன்னா. கொஞ்சம் இறுக்கமாத்தான் இருந்துது. பிரிச்சித் தைச்சிக் குடுத்தா. எதுக்கு அப்படிப் பாத்தான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல.

இப்ப நான் கோயிலுக்குப் போறது கும்பிட இல்ல அண்ணாச்சி. சண்டை போட. அம்மனுக்கும் எனக்கும் ஒரு கணக்கு தீக்க வேண்டியிருக்கு. நான் நேந்தது ஒண்ணு, அவ நடத்தினது ஒண்ணு.

முந்தாநாள் சாயங்காலம் எங்க தெருவுக்கு ஆட்டம் வந்துது. எங்க தெருன்னா எங்க வீட்டுக்கும் போவணும்லா. விரதத்துல இருக்கவன் வீட்டுக்குள்ள நொழையப்படாது, செட்டுக் குடில்லதான் தங்கல். ஆனா காணிக்கை வாங்க வாசலுக்குப் போவலாம். போனா அது என் வீடுன்னு நான் பாக்கப்படாது, தங்கபுஷ்பமும் புருசன்னு பாக்கப்படாது. மஞ்சத்தண்ணி கொண்டாந்து என் காலுல ஊத்தினா. சூடம் காட்டினா. தாயே, எங்களக் காப்பாத்துன்னு கையெடுத்துக் கும்பிட்டா. இத்தனை வருசக் குடித்தனத்துல என்கிட்ட இவ்வளவு பணிவாப் பேசினது தசராவுக்குத் தசராதான்.

மேளக்காரன் வேகத்தக் கூட்டினான். நான் சுத்திச் சுத்தி ஆடுதேன். தெரு நெறைய சனம். அப்பத்தான் வீட்டுக்குள்ளேருந்து ஆதி வந்தான். குளிச்சி, வேட்டி கட்டி, திருநீறு பூசியிருக்கான். பரவாயில்லையே, பயலுக்குப் பக்தி வந்துட்டுன்னு எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். நேரா வந்தவன் நெடுஞ்சாங்கெடையா என் காலுல விழுந்தான். என் ரெண்டு கணுக்காலையும் இறுக்கிப் புடிச்சிக்கிட்டான். கொலுசு சத்தம் நின்னுட்டு. மேளமும் நின்னுட்டு.

அம்மா, எனக்கு ஒரு கொறை இருக்கு, நீதான் தீக்கணும்னான்.

வழக்கம்னு ஒண்ணு இருக்குலா. என்ன கொறை மக்கா, சொல்லுன்னேன்.

எனக்கு ஆட்டம்னா உசுரு தாயே, அடுத்த மாசம் பெங்களூர்ல பெரிய மேடையில ஆடக் கூப்பிட்டிருக்காங்க, அது போச்சின்னா இனிமே கூப்பிட மாட்டாங்க, எங்க அப்பா விட மாட்டேங்காரு, நீ அவர் மனச மாத்திக் குடுங்கான்.

எப்படி இருக்கும் எனக்கு? என் காலுல விழுந்து, என் பேர்லயே புகார் குடுத்து, என்கிட்டயே வரம் கேக்கான். பாவாடையத் தூக்கிச் சொருகிக்கிட்டு ராஜகனி பக்கத்துல வந்தான். அத்தான், அப்பன் சொல் கேட்டு நடன்னு வாக்குச் சொல்லிருங்கன்னு பல்லக் கடிச்சிக்கிட்டுச் சொல்லுதான். நல்ல யோசனைதான். அதத்தான் சொல்லியிருக்கணும். சொன்னா ஊரே ஆமான்னிருக்கும். அம்மன் வாக்கு, அதோட அந்தப் பேச்சு முடிஞ்சிருக்கும். பயலும் மீறமாட்டான், கல்லாவுலயே உக்காந்து கெழவனாயிருப்பான்.

நான் குங்குமத்த அள்ளினேன். அவன் நெத்தியில வச்சேன். போ, போய் ஆடு, உங்கப்பன நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னேன்.

பொம்பளைங்க குலவை போட்டாங்க பாருங்க, அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். மேளக்காரன் பிச்சி ஒதறிட்டான். பய எந்திரிச்சான், கண்ணெல்லாம் தண்ணி. சுத்தி ஆளு நிக்காங்கன்னு கூடப் பாக்காம மேளத்துக்கு ரெண்டு எட்டு வச்சி எம்பினான் ஒரு எம்பு. வேட்டியோடதான். என் தலைக்கு மேல போன மாதிரி இருந்துது. அங்க நின்ன லோடுமேனுங்க சிரிப்பானுவன்னு பாத்தா, கையெடுத்துக் கும்பிடுதானுவ. இத்தனை நாள் ஒம்போதுன்னு பின்னால பேசினவன் எல்லாம் இப்ப அம்மன் உத்தரவு வாங்கின புள்ளங்கான். அதே பய, அதே காலு, அதே எம்பு. வேற ஒண்ணும் மாறல.

தங்கபுஷ்பத்தத் திரும்பிப் பாக்கேன். அவ பின்னால வாசப்படியில பெட்டி இருக்கு. ஏற்கெனவே கட்டி, பூட்டி, மேல ஒரு தண்ணி பாட்டிலும் வச்சி. அப்பப் பாத்துக்கிடுங்க, யாரு யாரு கூட்டுன்னு. அடுத்த பஸ்ஸுக்கே அவன் கெளம்பிப் போயிட்டான். அம்மன் சொல்லுக்கு மறு சொல்லு உண்டாங்க, நான் என்ன செய்யன்னு சூடத்தட்டக் கையில வச்சிக்கிட்டு தங்கபுஷ்பம் என்கிட்டயே சொல்லுதா. வாயத் தெறந்து ஏட்டின்னு ஒரு அதட்டு போட முடியல எனக்கு. காளி எப்படி ஏட்டின்னு அதட்டுவா?

ராஜகனி ரெண்டு நாளா இதத்தான் சொல்லிப் பொலம்புதான். அத்தான் பாவம், அவுக என்ன செய்வாக, அம்மன் எறங்கி வந்து வாக்கக் குடுத்துட்டான்னு. ஊரும் அதான் சொல்லுது. நானும் சொல்லிக்கிட்டுத் திரியுதேன், என்ன தாயே இப்படிப் பண்ணிட்டன்னு, அவ மேல பழியப் போட்டு. நாளைக்குக் கோயில்ல, விரதத்துக்குக் கையில கட்டின காப்ப அறுத்துட்டு வேஷத்தக் கலைச்சா நான் பழையபடி அவன் அப்பன்லா. எனக்கு இந்தப் பாலே எளவு இப்பவும் பிடிக்கல. அந்தக் காலுறை சத்தியமாப் பிடிக்கல. அவன் அந்த மேடையில ஆடுதப்ப வந்து பாப்பியளான்னு தங்கபுஷ்பம் கேட்டா, நான் சூலாயுதத்தத் தூக்கிக்கிட்டு அடுத்த வாசலுக்கு நகந்துட்டேன்.

உடன்குடி வந்துட்டு. நீங்க திருச்செந்தூர் போற ஆளு, நான் அடுத்தால எறங்கிருவேன், இனிமே நாம பாக்கப் போறதும் இல்ல. ராஜகனி தூங்குதானா பாருங்க. தூங்குதானா? சரி.

எனக்கு அருள் வந்தா என்ன பேசினேன், எங்க நின்னேன்னு ஒண்ணும் தெரியாது. தண்ணி தெளிச்சி எழுப்பின பொறவு அடுத்தவன் சொல்லித்தான் தெரிஞ்சிக்கிடுவேன். முந்தாநாள் நடந்தது எனக்கு எல்லாம் தெரியும் அண்ணாச்சி. அவன் கையில வேர்த்திருந்தது தெரியும். தங்கபுஷ்பம் சூடத் தட்டக் கீழ வச்ச சத்தம் தெரியும். ராஜகனி சொன்னது காதுல விழுந்துது, அது நல்ல யோசனைன்னு நெனச்சதும் நெனவு இருக்கு. அம்மன் வரவே இல்ல. அவ பாட்டுக்குக் குலசையில இருந்திருக்கா. சொன்னது நான்தான்.

ஏம்னு கேக்காதீங்க. அதத்தான் நானும் ரெண்டு நாளா யோசிக்கேன். பெங்களூர்லயும் இதே மாதிரிதான் கேட்டான். அந்த டீக்கடை வாசல்ல, போற வார சனம் பாக்க, என் காலுல விழுந்து ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டுக் கேட்டான். அப்பான்னு கூப்பிட்டுத்தான் கேட்டான். கால ஒதறிட்டு வந்துட்டேன்.

இந்தத் தடவை அம்மான்னு கூப்பிட்டுட்டான்.